தங்கம் கேட்ட இரண்டாவது கேள்வி

எர்ணாகுளத்துக் கலூரில் பஸ் நின்றபோது ஜன்னலுக்கு வெளியே எங்கள் பழைய அலுவலகத்து டைப்பிஸ்ட் ஜோசப் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சண்முகம், அறிஞ்ஞில்லே? நம்ம தங்கம் போயி. இன்னிக்குக் காலத்த" என்றார். என்னோடு வேலை பார்த்த தங்கம் அன்று காலை இறந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் மணியடித்துவிட்டார். பஸ் நகர்ந்தது. ஜோசப் கொஞ்சதூரம் கூடவே நடந்து வந்து கையை விட்டார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். படகுத்துறைக்கு ஏன் நடந்தேன், ஏன் வேறொரு பஸ் பிடிக்கவில்லை என்று இப்போது யோசித்தால் புரியவில்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். படகிலும் நின்றுகொண்டேதான் போனேன். மட்டாஞ்சேரியில் நான் தங்கத்தின் வீட்டை அடைந்தபோது தகனம் முடிந்து எல்லோரும் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். கொடியில் ஈர வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. தங்கத்தின் அப்பா ராமசேஷன் மாமா உள்ளே ஒரு நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்து, "வந்தயா" என்றார்.

சிறுநீரகக் கோளாறு என்று ஒரு வருடமாகவே தெரியும். இறப்பதற்கு முந்தின மாதம்கூடப் போய்ப் பார்த்தேன். தெரிந்திருந்தும் என்ன? இதை எழுத உட்கார்ந்தவன் பல முறை எழுந்துவிட்டேன். தங்கத்தைத் தெரிந்தவர்கள் இதைப் படிக்கும்போது சிரிக்கக்கூடும். எழுந்து எழுந்து நடப்பது அவருடைய பழக்கம்.

எழுபதுகளின் நடுவில் திருநெல்வேலியிலிருந்து எர்ணாகுளத்துக்கு வேலைக்கு வந்தேன். ஒரு சிறிய ஆய்வு அலுவலகம். வீடுவீடாகப் போய் வருமானம், செலவு விசாரித்துக் கணக்கெடுப்பது வேலை. கைப்பிடியைச் சுற்றினால் பெருக்கி வகுத்துத் தரும் இயந்திரம் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. எனக்கு முன்பே அங்கே சேர்ந்திருந்த பெண் தங்கம். பல தலைமுறைகளுக்கு முன் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. அப்பா ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. தங்கம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "நேரம் கிட்டலை" என்பார்.

முதல் நாள் நான் இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, அவர் என் மேஜையைச் சுற்றிக்கொண்டிருந்தார். எண் வந்ததும் எட்டிப் பார்ப்பார், உதட்டைக் கடிப்பார், மறுபடியும் நடப்பார். எனக்குத் தலை சுற்றியது. "கொஞ்சம் உட்காருங்களேன்" என்றேன்.

"உக்காந்தா எனக்கு யோசனை வராது. நீங்க பாட்டுக்குச் சுத்துங்கோ, நானும் சுத்தறேன்" என்றார்.

எங்கள் டைரக்டர் மேனன் சார் அப்போது ஒரு புதிய அளவைக் கொண்டுவந்திருந்தார். வயிறு நிறைய என்ன செலவாகும் என்று பார்த்துக் கோடு போடுவது பழைய முறை. இது வேறு. ஊரில் எல்லோரையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் ஒருவர் நிற்பார். அவருக்கு வருவதில் பாதிகூட யாருக்கு வரவில்லையோ அவர் ஏழை. அதாவது பக்கத்தில் இருப்பவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏழை. அப்படிக் கோட்டுக்குக் கீழே விழுபவர்களில் குழந்தைகள் எத்தனை பேர், வேலை தேடும் வயதினர் எத்தனை பேர், நடுவயதினர், கிழவர்கள் எத்தனை பேர் என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். உதவித் திட்டங்கள் யாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கிறவர்கள் அந்தக் கணக்கைக் கேட்டிருந்தார்கள்.

குறையில்லாத முறை போலத்தான் தெரிந்தது. வீட்டு வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுப்போம். அப்பாவுக்கு வருவதில் குழந்தைக்கும் பங்கு, மகனுக்கு வருவதில் கிழவருக்கும் பங்கு. எழுபதுகளில் எடுத்த முதல் கணக்கில் வயதானவர்கள் பெரும்பாலும் கோட்டுக்கு மேலேயே இருந்தார்கள். மேனன் சாருக்குத் திருப்தி. தங்கத்துக்கு இல்லை. "எங்கேயோ உறுத்தறது சண்முகம். செருப்புக்குள்ள மணல் போனாப்போல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கே என்று அவருக்கே அப்போது தெரியவில்லை.

அது தெரிந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அதே தெருக்களுக்கு மறுபடியும் கணக்கெடுக்கப் போனோம். இடைப்பட்ட வருடங்களில் மட்டாஞ்சேரியிலும் தோப்பும்படியிலும் வீட்டுக்கு ஒரு பையன் வளைகுடாவுக்குப் போயிருந்தான். ஓட்டு வீடுகள் கான்கிரீட் ஆகியிருந்தன. முன்னறையில் டேப் ரிக்கார்டர், அதன்மேல் லேஸ் துணி.

அப்படி ஒரு வீடு அவுசேப்பு சேட்டனுடையது. இளமையில் பண்டகசாலையில் மூட்டை சுமந்தவர். மகன் குவைத்தில். மருமகள் ரோசி எங்களை உட்காரவைத்துச் சாயா கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். தலைக்கு வகுத்தால் அந்தத் தெருவிலேயே மேலான வீடு. கிழவர் வெளுத்த சட்டையும் முண்டுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கிளம்பி வாசலைத் தாண்டியதும் பின்னாலேயே வந்தார். மருமகள் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்கத்திடம் தணிந்த குரலில் கேட்டார்.

"மோளே, ஒரு பீடி வாங்கக் காசு உண்டோ?"

தங்கம் கொடுத்தார். பிறகு அங்கேயே நின்று, "சேட்டா, மகன் அனுப்பறதில உங்க கைக்கு என்ன வரும்?" என்று கேட்டார். மலையாளத்தில் கேட்டதை நான் தமிழில் எழுதுகிறேன். எங்கள் படிவத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது.

"எனக்கு எதுக்கு மோளே? கஞ்சி உண்டு, மீன் உண்டு, மருந்து உண்டு. ரோசி நல்ல பெண்ணு." சாயக்கடை இருந்த திசையில் பார்த்தார். "சாயக்கடைக்குப் போறதில்ல இப்போ. நம்ம கூட்டுக்காரங்க ஒருத்தன் மாறி ஒருத்தன் வாங்கிக் கொடுப்பான். என் முறை வந்தா நான் என்ன செய்ய?"

அன்று படகுத்துறை வரை தங்கம் ஓட்டமாகத்தான் நடந்தார். நான் பின்னால் போக மூச்சு வாங்கியது. "நடுவில் நிக்கறவன் ஒரு சாயா வாங்கிக் கொடுப்பான். இவரால முடியலை. ஒப்பிட்டுப் பாத்துத்தானே அளக்கறோம்? அப்போ இவர் கோட்டுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தொடங்கினார். முதலில் வீட்டுக்காரர் சொல்லும் வருமானம். பிறகு ஒவ்வொருவரிடமும் திரும்பி, "உங்க கைக்கு என்ன வரும்?" நானும் கேட்டேன். பல வீடுகளில் முகம் சுளித்தார்கள். சுள்ளிக்கலில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு வாலிபன் சிரித்தான். "என் வருமானமோ? அது அம்மச்சியோட முந்தானையில இருக்கு. இன்டர்வியூவுக்கு பஸ் காசு வேணும்னா அங்கதான் மனு போடணும்" என்றான். சிரித்து முடித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டான். அவனுடைய அம்மா எங்களைப் பார்த்த பார்வையில், இனி இந்தப் பக்கம் வராதீர்கள் என்றிருந்தது.

கணக்கு ஏறக்குறைய முடிந்து எண்களைக் கூட்டியபோது இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன. ஒன்று, மகன்கள் வெளிநாட்டில் இல்லாமல் பழைய பென்ஷனிலும் சின்ன வாடகை வரவிலும் தனியாக வாழ்ந்த வயதானவர்கள். அவர்களுடைய வருமானம் ஒரு காசும் குறையவில்லை. ஆனால் ஊரின் நடுமனிதர் மேலே போய்விட்டார். கோடும் அவரோடு மேலே போய்விட்டது. இவர்கள் நின்ற இடத்திலேயே ஏழைகளாகியிருந்தார்கள். இரண்டாவது, அவுசேப்பு சேட்டனைப் போல நல்ல வீட்டுக்குள் வெறுங்கையோடு இருந்த கிழவர்கள், வாலிபர்கள். கையில் வருவதைக் கணக்கில் எடுத்துத் தங்கம் தனி அட்டவணை ஒன்று போட்டார். அந்த டேபிளில் இருபது வயதும் எழுபது வயதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

மேனன் சார் முதலாவதை ஏற்றுக்கொண்டார், அரைமனதாக. இரண்டாவதை ஒத்துக்கொள்ளவில்லை. கெட்ட மனிதர் அல்ல அவர். "தங்கம், வீட்டுக்குள்ளே கடந்து யார் பர்ஸ் யார்கிட்டன்னு கேட்க நமக்கு அதிகாரம் இல்லை. சாப்பிடறான், உடுக்கிறான். எந்த அளவுல அவன் ஏழை?" என்றார். மேலே இருப்பவர்கள் வறுமை குறைந்திருக்கிறது என்று கேட்கத்தான் விரும்பினார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. கணக்கெடுக்கக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்த வீடுகளில் தங்கத்தின் வீடும் ஒன்று. கடைசியாக அந்தத் தெரு மட்டும் மிச்சமிருந்தது. சொந்த வீட்டை யாரும் எடுக்கக் கூடாது என்பது விதி. நான் போனேன்.

ராமசேஷன் மாமா சந்தோஷமாக வரவேற்றார். தங்கம் அடுக்களையில் இருந்தார். வீட்டு வருமானம் பெரும்பாலும் தங்கத்தின் சம்பளம்தான். அதை எழுதிக்கொண்டேன். பிறகு பழக்கம் காரணமாக, வாய் தானாகவே கேட்டுவிட்டது. "மாமா, உங்க கைக்கு என்ன வரும்?"

"எனக்கா? ஒண்ணும் வராது. அவள் எல்லாம் பாத்துக்கறாள். எனக்கு ஒரு கொறவும் இல்லை, கேட்டயா" என்றார்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. தங்கம் நிலைப்படியில் வந்து நின்றார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் போன பிறகும் துடைத்தார்.

"அப்பா, நீங்க என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

மாமா மகளை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டாத் தருவாய். எனக்குத் தெரியாதா? கேட்டு வாங்கிண்டா அது உன்னோட பணமாக்கும். என்னோடது எப்படி ஆகும்?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதனால்தான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. நான் காகிதங்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் மேனன் சார் பழையபடி சொன்னார், "வீட்டுக்குள்ளே கடக்க நமக்கு அதிகாரம் இல்லை" என்று. தங்கம் எழுந்தார். எப்போதும் நடந்துகொண்டே பேசுகிறவர் அன்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"சார், நேத்து சண்முகம் என் வீட்டுக்குள்ள வந்தார். என் அப்பா கையில ஒண்ணும் இல்லை. நான் சம்பாதிக்கறேன், நான் சமைக்கறேன், நான் மருந்து வாங்கறேன். வருஷக்கணக்கா ஊர் முழுக்க இதை அளக்கறவள் நான். என் வீட்டில எனக்கே தெரியலை. நான் கெட்டவள் இல்லை. ரோசியும் இல்லை. தலைக்கு இவ்வளவுன்னு வகுத்து வச்சா எல்லார் கையும் நெறஞ்சாப்போலத் தோணும். அதனாலதான் இந்த டேபிள் வேணும்கறேன்."

தன் வீட்டு விஷயத்தை நாலு பேர் நடுவில் போட்டு உடைப்பது அவருக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். சம்பளம் என்ன என்று கேட்டால்கூடச் சொல்லாத குடும்பம் அது. மேனன் சார் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "சரி. போகட்டும். கடைசிப் பக்கத்தில் போகட்டும்" என்றார்.

கடைசிப் பக்கத்தில்தான் போயிற்று. முன்பக்கங்கள் வறுமை குறைந்ததாகச் சொல்லின. பத்திரிகைகள் அதை மட்டும் எழுதின. அச்சான அறிக்கையின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு தங்கம் அவுசேப்பு சேட்டனைப் பார்க்கக் கிளம்பினார், நானும் போனேன். போக வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லியும் பார்த்தேன்.

சாயக்கடைக்கு எதிரே மதில் ஓரமாகக் கிழவர் நின்றிருந்தார். தங்கம் அந்தப் பக்கத்தைப் பிரித்து, இங்கே உங்களைப் போன்றவர்களைப் பற்றி எழுதியிருக்கிறது என்று விளக்கினார். அவர் கடைசிவரை கேட்டார்.

"அப்போ நான் பாவப்பட்டவனோ?" என்றார். பாவப்பட்டவன் என்றால் அங்கே ஏழை.

தங்கம் தடுமாறினார். கிழவரே தொடர்ந்தார்: "மோளே, இத இங்க யார்கிட்டயும் சொல்லாதே. பையன் அங்க வெயில்ல கிடக்கிறான். அப்பன் தெருவில பீடி கேட்டான்னு அவன் கேட்டா நெஞ்சு பொடிஞ்சு போவான்." புத்தகத்தை மூடித் தங்கத்தின் கையில் கொடுத்துவிட்டு நடந்து போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் சிரிப்பார். நின்று பேசமாட்டார்.

படகில் தங்கம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "அளந்தது தப்பில்லை சண்முகம். கொண்டுபோய்க் காட்டின இடம் தப்பு. அதைக் காட்ட வேண்டியது ரோசிகிட்ட" என்றார். அடுத்த வாரமே தனியாகப் போய் ரோசியிடம் பேசினார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடக் கடைசியில் அந்தப் பக்கம் போனபோது அவுசேப்பு சேட்டன் சாயக்கடைப் பெஞ்சில் மூன்று நான்கு பேருக்கு நடுவில் உட்கார்ந்து சத்தமாக எதையோ மறுத்துப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

வீட்டில் தங்கம் மாதம் பிறந்ததும் அப்பாவின் கையில் பணம் கொடுக்கத் தொடங்கினார். முதல் தடவை மாமா வாங்கவில்லையாம். "என்னது இது, சம்பளமா?" என்று கேட்டாராம். "இல்லை, பங்கு" என்றாராம் தங்கம். பிறகு வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தை என்ன செய்தீர்கள் என்று தங்கம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காமலிருக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அலுவலகத்தில் நடந்தபடியே, "நேத்து அப்பா வெளிய போயிட்டு இருட்டினப்பறம்தான் வந்தார். எங்கே போனார்னு கேக்கலை, கேட்டேளா, கேக்கவே இல்லை" என்பார்.

ஒருநாள் புதுச் செருப்போடு வந்தார். நடை கோணலாக இருந்தது. "அப்பா வாங்கிண்டு வந்தது. என் கால் அளவு அவருக்குத் தெரியலை" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். குதிகால் புண்ணாகிய பிறகும் அந்தச் செருப்பு அறுந்து போகும்வரை போட்டிருந்தார்.

சில வருடங்களில் நான் ஆலுவாவில் வேறு வேலைக்குப் போனேன். தங்கம் அங்கேயே இருந்தார். மேனன் சார் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர்கள் அந்தக் கடைசி டேபிளை எடுத்துவிட்டார்கள். தங்கம் மறுபடி போராடினார். பாதி வெற்றி, பாதி தோல்வி. நோய் வந்த பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அவர் படுத்ததில்லை, உட்கார்ந்தே இருந்தார். "படுத்தா நெனப்பெல்லாம் ஓடறது. உக்காந்தா கொஞ்சம் மெதுவா ஓடும்" என்றார். இளமையில் சொன்னதற்கு நேர் எதிர். அதைச் சுட்டிக்காட்டினேன். "அப்போ நடக்கக் கால் இருந்தது" என்றார்.

இனி அந்த நாளின் மிச்சத்தைச் சொல்ல வேண்டும்.

மாலையில் உறவினர்கள் பேசத் தொடங்கினார்கள். மாமாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, தனியாக எப்படி இருப்பார் என்பது பேச்சு. கொள்ளி வைத்த, மாமாவின் தம்பி மகன் பாலக்காட்டில் வசதியாக இருப்பவர். நல்லவர். காரியங்கள் முடிந்ததும் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். இந்த வீட்டை விற்றுவிடலாம் என்றார். "பெரியப்பாவுக்கு அங்கே ஒரு கொறவும் இருக்காது. தனி ரூம், வேளைக்குச் சாப்பாடு, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். மாமா நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

சாவு வீடு. நான் உறவுக்காரனும் அல்ல. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை. ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்துவிட்டேன்.

"அங்கே அவர் கைக்கு என்ன வரும்?" என்று கேட்டேன்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தம்பி மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன கேக்கறேள்? அவர் என் பெரியப்பாவாக்கும். கணக்குப் பாத்தா வச்சுக்கப்போறேன்?"

"நீங்க நல்லபடியா வச்சுப்பீங்க. சந்தேகமே இல்லை. அவர் கைக்கு என்ன வரும்னு மட்டும்தான் கேட்கிறேன்."

யாரோ ஒரு பெண்மணி, இது பேச வேண்டிய நேரமா என்று முணுமுணுத்தார். அப்போது மாமா பேசினார். நான் வந்த பிறகு அவர் இவ்வளவு பேசியது அப்போதுதான்.

"நான் எங்கேயும் வரலை. மாடி சும்மாதானே கெடக்கறது? வாடகைக்கு விட்டா எனக்குப் போறும். சமைக்க யாரையாவது வச்சுண்டா ஆச்சு. வாடகையை என் கையில தரச் சொல்லு." பிறகு தம்பி மகனைப் பார்த்து, "உனக்கு வருத்தம் தோணவேண்டாம். தீபாவளிக்கு வரேன். டிக்கெட்டு நானே எடுத்துண்டு வரேன்" என்றார்.

மாடிக்கு இப்போது ஒரு வங்கிக்காரர் குடும்பம் வந்திருக்கிறது. சமைக்க வரும் அம்மாளோடு மாமாவுக்குத் தினமும் வாக்குவாதம் என்று கேள்வி. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது என்னை வெளியே கூட்டிப்போய்ச் சாயா வாங்கிக் கொடுத்தார்.

தங்கத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். அவருடைய அறிவு எனக்கு இல்லை. அவருடைய பொறுமையின்மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூடவே, நல்லவர்கள் நிறைந்த கூடத்தில் எழுந்து நின்று, மரியாதை கெட்டாலும் பரவாயில்லை என்று அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் துணிச்சல். இனி எந்த வீட்டுக்குப் போனாலும், வீட்டுக்காரர் பேசி முடித்ததும், பேசாமல் உட்கார்ந்திருப்பவர் பக்கம் என் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். தங்கத்தைத் தெரிந்த நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.